கிளேர் கவுண்டியின் ஊர் வரலாற்றைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேர் கவுண்டியில், சென்ற கோடையில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தின் எழுத்துகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் கம்பி பிரஷுடன் ஒரு கல்லின் முன் மண்டியிட்டதைக் கண்டதும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தொடக்கத்தில் நானும் அதே தவற்றைச் செய்தவன். எவருக்கும் தெரிந்த பிழைகளை விட்டுவிட்டு, தெரியாமல் செய்துவிடுபவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டவுன்லேண்டைப் பட்டணம் என்று எண்ணுவது

டவுன்லேண்ட் என்பது பட்டணமும் அன்று, கிராமமும் அன்று. ஓடையும் வேலியும் எல்லையாக அமைந்த ஒரு நிலப்பகுதி. கிளேரில் இவை 2,000-க்கும் மேல் உள்ளன. ஒரே பெயர் பல இடங்களில் வரும். பல டவுன்லேண்டுகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவான சிவில் பங்கின் பெயரையும் சேர்த்துக் குறிக்காவிட்டால், வேறொரு குடும்பத்தின் பின்னால் மாதக்கணக்கில் அலைய நேரிடும். சிவில் பங்கின் எல்லையும் கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

கிரிஃபித் மதிப்பீட்டைக் குடிக்கணக்காக (மக்கள்தொகைக் கணக்காக) வாசிப்பது

கிளேருக்கு 1855-இல் அச்சான இது வரிக்கான மதிப்பீடு. நிலத்தை வைத்திருந்தவர், அதைக் குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு ஆகியவை இருக்கும். மனைவி, பிள்ளைகள் இரார். பெயர் இல்லை என்பதற்காக, அந்தக் குடும்பம் கப்பலேறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

கல்லறைக் கல்லைத் தேய்ப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஒரு தவற்றுக்கு மட்டும் திருத்தம் கிடையாது.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1861, 1871 கணக்குகளை அரசே அதற்கு முன் அழித்திருந்தது; 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. இறப்புகளை அரசு பதிவுசெய்யத் தொடங்கியதோ 1864-இல்தான். கத்தோலிக்கப் பதிவேடுகளில் திருமுழுக்கும் திருமணமும் கிடைக்கும். அடக்கம் பெரும்பாலும் இராது. கிளேரின் மக்கள்தொகை 1841-இல் 2,86,394 ஆக இருந்து, உருளைக்கிழங்குப் பயிர் அழிந்ததால் வந்த பெரும் பஞ்சத்துக்குப் பின் 1851-இல் 2,12,440 ஆகக் குறைந்தது. பட்டினியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்களில் மிகப் பலருக்குக் கல்லே இல்லை. கல் நடப்பட்ட சிலருக்கோ, பல வேளைகளில் அந்தக் கல்தான் எஞ்சிய ஒரே சான்று.

நான் தேய்த்த கல்லில், இறந்த ஆண்டின் மூன்றாம் இலக்கத்தின் மேல் ஆரஞ்சு நிறப் பாசி படர்ந்திருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு வினிகரை ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்தேன். அமிலம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. பாசியோடு கல்லின் மேற்பரப்பும் மாவாக உதிர்ந்தது. மிஞ்சியது 18, அதன்பின் வெளுத்த ஒரு குழி, அதன்பின் 7. 1847 என்றால் அவர் பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டில் இறந்தவர். 1867 என்றால் அதிலிருந்து தப்பி, மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர். 1867-இன் இறப்புப் பதிவில் அவர் பெயர் இல்லை. ஆனால் அக்காலத்தில் பல இறப்புகள் பதிவாகாமலே போயின என்பதால், அதைக் கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது. தேய்க்குமுன் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவருடைய வழிவந்த ஒரு பெண்மணி ஆண்டைக் கேட்டு எழுதியபோது, என்னால் அனுப்ப முடிந்தது மூன்று இலக்கங்கள் மட்டுமே.

வினிகர், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். மேற்குக் கிளேரின் தட்டைக் கற்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. தேய்த்தால் எழுத்துள்ள அடுக்கே பெயர்ந்துவிடும். கருப்புத் துணியைக் கல்லின் மேல் கூடாரம் போலப் பிடித்து, டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஏறக்குறைய ஒட்டினாற்போல் வைத்து, ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். விரலுக்குத் தட்டுப்படாத வெட்டும் நிழலாகத் தெரியும். ஒளியை இடம், வலம், மேல் என மாற்றி மூன்று படங்களாவது எடுங்கள். அந்த இளைஞரின் கல்லில் அன்று மாலை இப்படி ஒளி பாய்ச்சியபோது, வெறும் பாறையாகத் தோன்றிய இடத்தில் முதலில் ஒரு சிலுவையும், அதன் கீழே வயது 41 என்ற வரியும் தெரிந்தன.

‘ஓ’வைச் சேர்த்தே தேடுவது

ஐரிஷ் குடும்பப் பெயர்களின் முன்னொட்டான ‘ஓ’ ஆவணங்களில் விடுபட்டிருக்கலாம். ஓ’பிரையனைப் பிரையன் என்றும் தேடுங்கள். கிளேரில் பிறந்த அறிஞர் யூஜின் ஓ’கரியின் பெயரே பழைய ஆவணங்களில் கரி என்றுதான் உள்ளது.

உலோகம் தேடும் கருவியைக் கொண்டுவருவது

தொல்பொருள் தேட அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

1911-இன் வயதை நம்புவது

முழுமையாக எஞ்சிய 1901, 1911 குடிக்கணக்குகளை ஒப்பிட்டால், பத்தாண்டுகளில் பதினைந்து வயது கூடிய முதியவர்களைக் காணலாம். 70 வயதானவர்களுக்கு 1909 ஜனவரி முதல் ஓய்வூதியம் வழங்கப்பட்டதால், வயதைக் கூட்டிச் சொல்லத் தூண்டுதல் இருந்தது. அவர்களில் எவரிடமும் அரசின் பிறப்புப் பதிவு இல்லை. வயதை மெய்ப்பிக்க 1841, 1851 கணக்குகளில் தேடிக் கேட்டு அவர்கள் அளித்த விண்ணப்பத் தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. எரிந்துபோன கணக்கின் சில வரிகள் அவற்றின் மேல் எழுதப்பட்டிருக்கின்றன.