சென்னையில் குடியேற ஏற்ற பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பணி நிமித்தம் சென்னைக்கு வருபவர்கள் வாடகையைப் பார்த்தே வீடு தேடத் தொடங்குகிறார்கள். ஆனால் அலுவலகம் எந்தத் தடத்தில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால் பாதி அலைச்சல் குறைந்துவிடும். கிண்டியில் வேலை என்றால் மின்சார ரயில் தடத்திலுள்ள குரோம்பேட்டையோ தாம்பரமோ பொருந்தும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வில்லிவாக்கம், ஆவடி வசதி. சிறுசேரிக்குச் செல்பவர் நாவலூர், கேளம்பாக்கம் பக்கமே பார்ப்பது நல்லது.

அதைவிட முக்கியமானது தண்ணீர். ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள அடுக்ககங்கள் பலவற்றில் லாரித் தண்ணீரே கதி என்பதால், அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலோ கதையே வேறு: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய வேளச்சேரியிலும், அடையாற்றங்கரை முடிச்சூரிலும் 2015இல் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. "இங்கே தண்ணீர் நிற்காது" என்று தரகர் அடித்துச் சொன்னாலும் (எல்லாத் தரகர்களும் அப்படித்தான் சொல்வார்கள்), தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். சுற்றுச்சுவரில் படிந்திருக்கும் நீர்க்கறையையும், சாலையைவிடத் தாழ்ந்துபோன வாசலையும் கவனியுங்கள்.

முடிந்தால் ஒரு வேலை நாளின் காலை எட்டரை மணிக்கு அங்கிருந்து அலுவலகம்வரை சென்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்பவர்கள் இன்னும் உண்டு. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகையே உச்சவரம்பு.