பழப் புளிப்பு பீர்: ருசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, சாக்லேட் டப்பாக்களுக்கு நடுவே பெல்ஜியத்துப் பழ பீர் பாட்டில் ஒன்றையும் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் வேலை பார்த்த காலத்தில் அந்த பீரை ருசித்துப் பழகியவன் என்பதால், பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் பாட்டிலைத் திறக்கும் நாளன்று எனக்கு அழைப்பு வந்துவிடும். வீடுதான் மாறுகிறது, செய்கிற பிழைகள் மாறுவதில்லை. நானும் கடந்து வந்த பிழைகள்தான். அளவோடு குடிப்பது, வண்டி ஓட்டப் போகிறவர் தொடாமல் இருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

புளிப்பைக் கெட்டுப்போனதாக நினைப்பது

முதல் வாய் உள்ளே போனதும் முகம் சுருங்கும். "புளித்துப்போய்விட்டது அண்ணாச்சி, கொட்டிவிடலாமா?" என்பார்கள். கொட்ட வேண்டாம். லேம்பிக் என்ற இந்த வகை பீர் பிரஸ்ஸல்ஸிலும் அதன் தென்மேற்கே உள்ள பயோட்டன்லாந்துப் பகுதியிலும் பிறந்தது. கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்கத் திறந்தே ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்குகின்றன. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பதநீர் தானாகக் கள்ளாவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேறுபாடு காலத்தில்தான் இருக்கிறது. கள்ளுக்குச் சில மணி நேரம் போதும். லேம்பிக் ஓக் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை கிடக்கும். அதில் ஊறும் லாக்டிக் அமிலம்தான் புளிப்பைத் தருகிறது. ஈர வைக்கோலும் மாட்டுத் தொழுவமும் கலந்தாற்போன்ற வாடை வந்தால், அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. அதுவும் குறையல்ல. நகப்பூச்சு நெடி அடித்தாலோ, வினிகர் வாடை மூக்கில் ஏறி மற்ற எல்லாவற்றையும் மறைத்தாலோதான் சந்தேகப்பட வேண்டும்.

பேக்கரி செர்ரியைத் தேடுவது

நம் ஊர் பேக்கரியில் கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். அந்தச் சுவையை நாக்கில் வைத்துக்கொண்டு க்ரீக் பீரைக் குடித்தால் ஏமாற்றம்தான். லேம்பிக்கில் புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் அதுதான் க்ரீக். பழத்தைக் கொட்டையோடு போடும் மரபு உண்டு என்பதால் மூச்சை இழுக்கும்போது பாதாம் வாசனை மெல்ல எழும். அதைத் தேடிப் பிடியுங்கள். ஃப்ராம்புவாஸ் என்றால் ஊறுவது ராஸ்பெர்ரி. புளிப்பு ஒத்துவராதவர்கள் இனிப்பூட்டிய வகையில் தொடங்கலாம். அவற்றில் ஆல்கஹாலும் பொதுவாகக் குறைவு. லேபிளில் 'அவுடே க்ரீக்' என்று இருந்தால் அது மரபு வகை, புளிப்பு தூக்கலாக இருக்கும்.

எவர்சில்வர் டம்ளர்

வேண்டாம். கண்ணாடி.

நல்ல நாளுக்கு என்று எடுத்து வைப்பது

எனக்கு இன்றும் ஆற்றாமை தரும் தவறு இதுதான். பொருள் விலை உயர்ந்தது, கடல் கடந்து வந்தது. ஆகவே அதைச் சாதாரண நாளில் திறக்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. பட்டுப்புடவைக்கு அது சரி. பழ பீருக்கு அது கேடு.

உறவினர் ஒருவர் வீட்டில் மகன் கொண்டுவந்த க்ரீக் பாட்டிலைப் புதுமனை புகுவிழாவுக்கு என்று பீரோவின் மேல் வைத்திருந்தார்கள். மேல்மாடி அறை, நேராக மொட்டை மாடி வெயில் இறங்கும் கூரை. சித்திரை, வைகாசியில் அந்த அறைக்குள் நின்றாலே சட்டை நனைந்துவிடும். வீட்டு வேலை இழுத்துக்கொண்டே போனது, கோடைகளும் போயின. கடைசியில் விருந்தன்று திறந்தார்கள். மூடியைத் தளர்த்தியதுமே நுரை பீறிட்டு மேசை விரிப்பில் பாதி போயிற்று. மிச்சத்தைக் கண்ணாடியில் ஊற்றினேன். மாதுளைச் சாறு போல் இருக்க வேண்டிய நிறம் செங்கல் பொடி கரைத்ததுபோல் பழுத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், புளிப்பும் மரவாடையும் இருந்தன, செர்ரி இல்லை. "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று வீட்டுப் பெரியவர் கேட்டார். அவரிடம் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் அதன் பிறகு லேம்பிக்கைத் தொடவில்லை.

எடுத்து வைத்தால் கெடாது என்ற நம்பிக்கைக்கு ஒரு மூலம் உண்டு. பழம் சேர்க்காமல், ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லேம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைக்கும் 'கூஸ்' என்ற வகை, குளிர்ந்த நிலவறையில் பல ஆண்டுகள் நன்றாக முதிரும். அதைக் கேள்விப்பட்டவர்கள் பழ பீருக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கிறார்கள். லேபிளில் தொலைதூரத்துத் தேதியைக் கண்டால் நம்பிக்கை இன்னும் உறுதிப்படுகிறது. குடிக்கத் தகும் என்பதற்குத்தான் அந்தத் தேதி பொறுப்பு. பழத்தின் மணம் அதற்கு வெகு முன்பே கிளம்பிவிடும். உயிருள்ள ஈஸ்ட் பாட்டிலுக்குள் மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கிறது, ஆக்சிஜன் நிறத்தையும் மணத்தையும் தின்கிறது. பிரஸ்ஸல்ஸ் நிலவறையில் நிதானமாக நடக்கும் அந்த மாற்றத்தை நம் ஊர் வெயில் விரட்டியடிக்கிறது.

ஆகவே கையில் வந்த அன்றே பிரிட்ஜில் வையுங்கள். கீழ்த்தட்டு, காய்கறிப் பெட்டிக்குப் பக்கம், நிமிர்ந்த நிலையில். வெளிச்சம் படக் கூடாது. பச்சைக் கண்ணாடி பாட்டிலானால் ஒரு செய்தித்தாளைச் சுற்றிவிடுங்கள், ஒளி பட்டால் பீரில் சேர்த்திருக்கும் ஹாப்ஸ் என்ற பூ நாறும். சென்னையிலிருந்து காரில் கொண்டுவருகிறீர்கள் என்றால், சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது வெயிலில் நிற்கும் காருக்குள் பாட்டிலை விட்டுவிட்டு இறங்காதீர்கள். வந்து சேர்ந்ததும் ஓரிரு நாள் அசையாமல் இருக்கட்டும், அடிவண்டல் படியட்டும். பிறகு திறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். விசேஷ நாள் பார்க்க வேண்டாம்.

பல் கூசும் குளிர்ச்சி

பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் புளிப்பு மட்டும் தெரியும், மணம் எழாது. பத்து டிகிரிக்கு அருகே வர வேண்டும். நெல்லை வெப்பத்தில் அதற்கு அதிக நேரம் ஆகாது. கால் மணி நேரம் மேசையில் வைத்தால் போதும். ஐஸ் கட்டி போடவே கூடாது.

அல்வாவுக்குப் பின்

நெய்யும் சர்க்கரையும் பூசிய நாக்கில் இந்தப் புளிப்பு கத்திபோல் இறங்கும். பீர் முதலில், அல்வா பிறகு. கார மட்டன் சுக்காவும் வெற்றிலையும் அப்படியே தள்ளி நிற்கட்டும். உப்புப் போட்ட முந்திரி நன்றாகப் பொருந்துகிறது. மோருக்கு உறைய வைத்த தயிரை வடிகட்டிச் சற்று உப்பிட்டுத் தொட்டுக்கொண்டால், அங்கே அவர்கள் ரொட்டியில் தடவும் புதுப் பாலாடைக்கட்டிக்கு ஏறக்குறைய அருகில் வந்துவிடும்.

மிச்சம் வைப்பது

நாளைக்கு இருக்காது.

ஏற்கெனவே பீரோவில் கிடப்பது

அதைத் தூக்கிப் போட வேண்டாம். பாட்டிலை முதலில் நன்றாகக் குளிரவைத்து, கழுவும் தொட்டிக்குள் பிடித்துக்கொண்டு மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பழத்தை எதிர்பார்க்காமல் பழைய லேம்பிக் என்று நினைத்துக் குடித்தால் அதிலும் ஓர் அழகு கிடைக்கக்கூடும். ஆனால் முதன்முறையாக ருசிக்கும் ஒருவருக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.