முதல் பாய்மரக் கப்பல் மாதிரியை மரத்தில் செய்யப் போகிறவருக்கு

மலாக்கா ஆற்றோரம் அருங்காட்சியகமாக நிற்கிறதே ஃபுளோர் டி லா மார், பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பலருக்கும் முதலில் அதையே செய்துபார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. அதைத் தள்ளிவையுங்கள். போர்த்துகீசியர் 1502இல் லிஸ்பனில் கட்டி, 1511இல் மலாக்காவில் அள்ளிய பொருளோடு திரும்பும்போது சுமத்ரா கரையோரம் மூழ்கிய கப்பல் அது, அதன் வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை, மலாக்காவில் நிற்பது அந்தக் காலத்துக் கப்பல்களை வைத்து ஊகித்துக் கட்டியது. முதல் வேலைக்கு எது சரி, எது தப்பு என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரைபடம் கையில் இருந்தே ஆகவேண்டும். 1765இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரியும் இப்போது வேண்டாம். அதற்கு 104 பீரங்கி, பத்தாவது பீரங்கியிலேயே கை ஓய்ந்துவிடும்.

நான் சொல்வது புளூநோஸ். 1921இல் கனடாவின் லூனன்பர்க்கில் கட்டிய மீன்பிடிக் கப்பல், பந்தயத்திலும் ஓடியது, கனடாவின் பத்து காசில் இருப்பது அதுதான். பாய்மரம் இரண்டே, பீரங்கி கிடையாது, வரைபடம் எளிதாக வாங்கலாம். நீளம் 43.6 மீட்டர், 64இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர், தோட்டத்து வீட்டு மேசையில் அடங்கும். இன்னொரு வசதி, கப்பல் உடல் முழுக்கச் சாயம், மேலே கறுப்பு, நீருக்குக் கீழே சிவப்பு. சாயம் பூசப் போகிறோம் என்றால் மரத்தின் அழகுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

சரி, மரம். நான் இருப்பது சுங்கை சிப்புட் பக்கம், சுற்றிலும் பால்மரமும் செம்பனையும்தான், அதனால் எல்லாரும் கேட்பது பால்மரப் பலகை ஆகாதா என்று. மெல்லிய கீற்றாக அறுத்து வளைக்க அது ஆகாது, மரத்தின் நெய்வு முரடு. மாவுச்சத்தும் அதிகம் என்பதால் மருந்தேற்றிக் காயவைக்காத பால்மரத்தில் வண்டு துளைக்கும், நீலக் கறை படரும். கப்பல் நிற்கும் பீடத்துக்கு மட்டும் நாற்காலித் தொழிற்சாலைத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள், அதில் மருந்து ஏறியிருக்கும். உடலுக்கு ஜெலுத்தோங். மென்மை, நேரான நெய்வு, கத்தி சொன்னபடி கேட்கும். ஒரு காலத்தில் சூயிங்கம்முக்குப் பால் எடுத்ததும் இந்த மரத்தில்தான். பலகைக் கடையில் ஒரு துண்டு வாங்கி 1.5 மில்லிமீட்டர் கனம், 5 மில்லிமீட்டர் அகலத்தில் கீற்றுகளாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். ஆணிக்குப் பதில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கிடைக்கும் சாத்தே குச்சியைப் பிளந்து சீவிய மூங்கில் முளை போதும், நம் ஈரத்தில் இரும்பாணி துருப்பிடித்துச் சாயத்துக்கு மேலே கறை காட்டும்.

கப்பலின் முதுகெலும்பு அடிநடுக்கட்டை. ஏரா என்று அதற்குத் தமிழில் பேர் உண்டு. 5 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஏராவையும் விலாச் சட்டங்களையும் வெட்டி, சட்டம் ஒவ்வொன்றும் ஏராவுக்குச் சரியான செங்கோணத்தில் நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தபின் ஒட்டுங்கள். முன்மூக்கிலும் பின்பக்கத்திலும் சட்டங்களுக்கு இடையே ஜெலுத்தோங் கட்டைகளை அடைத்துவிட்டால் வளைவு தப்பாது.

அடுத்தது சட்டங்களின் விளிம்பைச் சரிவாகத் தேய்ப்பது. இதை அவசரப்படுத்தாதீர்கள், மொத்த வேலையில் கப்பலின் உருவம் முடிவாவது இங்கேதான். நீளமான ஒரு கீற்றை முன்னிருந்து பின்வரை சட்டங்கள் மேல் படுக்கவைத்துப் பாருங்கள், எல்லாச் சட்டத்தையும் அது முழு அகலத்தில் தொட வேண்டும், எங்காவது மேடு தட்டினால் தேய்க்கணும், பள்ளம் இருந்தால் மெல்லிய சீவல் ஒட்டி உயர்த்தணும். எனக்கு இதற்கே இரண்டு வாரச் சனி ஞாயிறு போனது, அதில் ஒரு மணி நேரம்கூட வீண் இல்லை.

பலகை ஒட்டுவதற்கு முன் கணக்கு. ஒரு காகிதப் பட்டையை நடுச்சட்டத்தின் மேல் ஏராவிலிருந்து மேல்விளிம்புவரை வளைத்து அளந்துகொள்ளுங்கள். 110 மில்லிமீட்டர் வருகிறது என்றால், ஒரு பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் கீற்று 22 வேண்டும். அதே பட்டையை முன்மூக்கில் வைத்தால் 66தான் வருகிறது என்று வையுங்கள், அங்கேயும் அதே 22 கீற்றுதான் சேர வேண்டும், ஆகவே ஒவ்வொன்றையும் முன்னால் 3 மில்லிமீட்டருக்குச் சீவணும். பாதி அகலத்துக்கும் கீழே போகிற நிலை வந்தால் சீவாமல் இரண்டு கீற்றை ஒன்றாக முடித்துவிடுங்கள், ஊசிமுனையாகச் சீவிய பலகை நிற்காது. ஏராவை ஒட்டிய முதல் பலகை முன்மூக்கில் மேலே ஏறிவிடக் கூடாது, ஏறினால் அதற்கு மேலே வருகிற அத்தனையும் நெருக்கியடித்துக் கோணலாகும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கம் முடித்தால் உடல் முறுக்கிக்கொள்ளும்.

வளைக்க, கீற்றை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சூடான சால்டரிங் அயர்ன் தண்டின் மேல் மெல்ல அழுத்துங்கள். வளைந்ததைக் கப்பலில் கவ்வி போட்டுக் கட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள்தான் வெள்ளைப் பசை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். நவம்பர் மழையில், தொட்டால் காய்ந்தது போல இருந்த பலகைகளை அப்படியே ஒட்டிவிட்டேன், தைப்பூசம் முடிந்து வெயில் ஏறியதும் மரம் சுருங்கி ஒவ்வொரு இடுக்கிலும் நகம் நுழையும் இடைவெளி விட்டது. பிரித்தெடுக்க மனம் ஒப்பாமல் ஜெலுத்தோங் தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன், சாயத்துக்கு அடியில் மறைந்தது, ஆனாலும் எங்கே என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஒரு நாள் கூடுதலாகவே விடுங்கள்.

மேல்தளப் பலகைகளின் ஓரத்தில் பென்சிலை ஓட்டிவிட்டு ஒட்டினால், பலகை இடுக்கில் தார் அடைத்தது போன்ற கறுப்புக் கோடு தானாக வரும். பாய்மரத்துக்கு உருண்டைக் குச்சி வாங்கும்போது கடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து நேரானதை எடுங்கள். டிரில்லில் மாட்டிச் சுழற்றி மணல்தாளால் நுனி நோக்கி மெலிக்கலாம், மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள், தூள் நெஞ்சில் ஏறும்.

கயிறுக்குப் பருத்தி நூல் வேண்டாம், ஈரம் ஏற ஏற இறுகும், காய்ந்தால் தொய்யும். துணிக்கடை பாலியஸ்டர் நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு அடங்கும். பழைய கப்பல்களில் பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் நெடுங்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்குப் பூசமாட்டார்கள், அதனால் முதலாவதற்குக் கருநிறம், இரண்டாவதற்கு இளம்பழுப்பு. ஏணிப்படி போலக் குறுக்கே வரும் கயிறுகள் நிஜத்தில் 13 அங்குலம் தள்ளி வரும், நமக்கு 5 மில்லிமீட்டர். கோடு போட்ட அட்டையைப் பின்னால் செருகிக்கொண்டு கீழிருந்து மேலே கட்டுங்கள், முடிச்சை இழுத்து இறுக்காதீர்கள், இறுக்கினால் நெடுங்கயிறுகள் உள்வாங்கி இடுப்பு ஒடுங்கினாற்போல நிற்கும். ஐந்து வரிசைக்கு ஒருமுறை நேர் எதிரே நின்று பாருங்கள், இடுப்பு விழுந்திருந்தால் அந்த ஐந்தை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி கட்டலாம்.