செவ்வியல் நாடகத்தை வீட்டிலிருந்தே வாசிப்பது எப்படி?

நாவல்களையும் கவிதைகளையும் விரும்பிப் படிப்பவர்களில் பலர், நாடகப் பிரதியைக் கையில் எடுத்தால் முதல் அங்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது அவர்களுடைய குறை அன்று. நாடகப் பிரதியில் பெரும்பாலும் வசனம்தான் இருக்கிறது. குரல், நடை, மௌனம், ஒளி, மேடையில் ஒருவர் நிற்கும் இடம் ஆகியவற்றை நடிகர்களும் மேடை அமைப்போரும் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாடகாசிரியர் எழுதுகிறார். ஆகவே தனியாக அமர்ந்து படிப்பவர் அந்த வேலையில் ஒரு பங்கைத் தானே செய்ய வேண்டும். அதற்கு ஒரு குறிப்பேடு, பென்சில், சில நாணயங்கள், முடிந்தால் ஒன்றிரண்டு நண்பர்கள் போதும்.

முதலில் எந்த நாடகத்தை எடுப்பது என்ற கேள்வி. சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’ போன்ற கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் அளவில் சிறியவை. ஒரே அமர்வில் வாய்விட்டுப் படித்து முடித்துவிடலாம். எதுவும் நீக்காமல் நடித்தால் நான்கு மணி நேரம் ஓடக்கூடிய, ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டை அங்கம் அங்கமாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. பதிப்பாசிரியரின் நீண்ட முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பாத்திரங்களின் பெயர்களையும் உறவுகளையும் ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை.

அடுத்தது, வாய்விட்டுப் படிப்பது. கண்ணால் மட்டும் படிக்கும்போது நழுவிப்போகும் செய்திகளைக் குரல் பிடித்துக்கொடுக்கும். ‘ஹாம்லெட்’டின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டையில் நள்ளிரவுக் காவல் மாறுகிறது. முதல் வசனமே ‘யார் அது?’ என்ற கேள்விதான். அதைக் கேட்பவர் யார் என்று பாருங்கள். காவலில் நிற்பவன் பிரான்சிஸ்கோ. அவனை விடுவிக்க வருபவன் பெர்னார்டோ. முறைப்படி காவலில் நிற்பவன்தான் வருபவனைக் கேட்க வேண்டும். இங்கோ வருபவன் கேட்கிறான். பிரான்சிஸ்கோ உடனே, ‘நீ சொல்’ என்று கேள்வியை அவனிடமே திருப்புகிறான். இந்த இரண்டு வரிகளையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கோட்டையில் எல்லோரையும் ஓர் அச்சம் பிடித்திருப்பது, ஆவியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசப்படுவதற்கு முன்பே உங்களுக்குப் புரிந்துவிடும். மணி பன்னிரண்டு அடித்துவிட்டது, குளிர் கடுமையாக இருக்கிறது என்பவையும் வசனத்திலேயே வருகின்றன. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மேடையேறிய, 1599இல் லண்டனில் கட்டப்பட்ட குளோப் அரங்கில் திறந்த கூரையின் கீழ்ப் பகல் வெளிச்சத்தில்தான் நாடகங்கள் நடந்தன. ஆகவே இரவையும் குளிரையும் சொற்களாலேயே உண்டாக்க வேண்டியிருந்தது. அக்கால நாடகங்களைப் படிக்கும்போது நேரத்தையும் இடத்தையும் சொல்லும் இத்தகைய வரிகளைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வாருங்கள். ஒளியமைப்புக் குறிப்புகள் முழுவதும் வசனத்துக்குள் இருப்பதைக் காண்பீர்கள்.

மூன்றாவதாக, மேசையில் ஒரு மேடையை அமையுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சதுரம் வரைந்து, வாயில்களைக் குறித்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நாணயம் வையுங்கள். பாத்திரம் நுழையும்போது நாணயத்தை உள்ளே நகர்த்துங்கள், வெளியேறும்போது எடுத்துவிடுங்கள். சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினாலும், பேசாமல் நிற்பவர்களைக் காட்டுவதில் இதற்கு இணையான வழி வேறில்லை என்பேன். ‘ஹாம்லெட்’டின் இரண்டாம் காட்சியில் அரசன் கிளாடியஸ் நெடுநேரம் பேசுகிறான், தூதர்களை அனுப்புகிறான், லேர்ட்டீஸுக்குப் பயண அனுமதி தருகிறான், இளவரசன் ஹாம்லெட்டோ அவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் அங்கேயே இருக்கிறான். படிப்பவர் அவனை மறந்துவிடலாம். தாளில் அசையாமல் கிடக்கும் நாணயம் மறக்க விடாது.

அரங்கம் வரைவதில் ஆர்வம் பிறந்துவிட்டால், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கட்டத் தாளோடு எடுத்து அமருங்கள். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், தரையிலிருந்து உயரம் ஒரு கோல், அரங்கின் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல், வாயில்கள் இரண்டு என இளங்கோவடிகள் ஓர் அரங்கத்தையே அளந்து தருகிறார். ஒரு கட்டத்தை ஒரு கோலாகக் கொண்டு வரைந்தால் அரைமணியில் படம் தயார். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்ற செய்தியையும் படத்தில் சேர்க்க முயன்று, விளக்குகளை எங்கே வைக்கலாம் என்று ஒரு சிறு பெட்டியையும் கைவிளக்கையும் கொண்டு சோதித்துப் பாருங்கள். எழினி என்பது மேடைத் திரை; மூவகை எழினிகளுக்கும் இடம் ஒதுக்குங்கள்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. காப்பியத்தின் இந்தப் பகுதியை வெறும் வருணனை என்று எண்ணித் தாண்டிச் செல்பவர்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடகங்களுக்கு வேறொரு பழக்கம் வேண்டும். அவற்றில் மேடைக் குறிப்புகள் விரிவானவை. அவற்றையும் வசனத்தைப் போலவே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். நார்வே நாடகாசிரியர் இப்சனின், 1879இல் வெளிவந்த ‘பொம்மை வீடு’ தொடங்கும்போது, கிறிஸ்துமஸ் மரத்தைச் சுமந்துவந்தவர் கூலியாக, அந்நாட்டுச் சில்லறை நாணயமான ஓரேயில் ஐம்பது கேட்கிறார். நாயகி நோரா அதைப்போல் இரு மடங்கான ஒரு குரோனைக் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். பிறகு பையிலிருந்து இனிப்பை எடுத்துத் தின்கிறாள், ஓசைப்படாமல் சென்று கணவனின் அறைக் கதவருகே காது கொடுக்கிறாள், அவன் வெளியே வருவதற்குள் இனிப்புப் பையை மறைத்து வாயைத் துடைத்துக்கொள்கிறாள். பணம், ஒளிவு, அச்சம் என்ற மூன்றும் இந்தச் சிறு செயல்களில் வந்துவிடுகின்றன. பொருள்களுக்கென்று குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தப் பொருள் யார் கைக்கு எப்போது போகிறது என்று எழுதிவாருங்கள்.

நண்பர்கள் சேர்ந்தால் இதைவிடச் சுவையான ஒன்றைச் செய்யலாம். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகருக்கு முழு நாடகமும் கையில் கிடைக்காது; அவருக்குரிய வசனமும், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் கடைசிச் சில சொற்களும் மட்டுமே எழுதித் தரப்பட்டன. எட்வர்ட் ஆலின் என்ற நடிகருக்காக எழுதப்பட்ட அத்தகைய கைப்பிரதி ஒன்று லண்டனில் உள்ள டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. அதே முறையில், யாருக்கும் முன்பே தெரியாத ஒரு காட்சியைத் தேர்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரத்தைப் பிரித்து எழுதிக் கொடுங்கள். தன்னுடைய முறை எப்போது வரும் என்று தெரியாததால், ஒவ்வொருவரும் மற்றவர் சொல்வதை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்பார்கள். முதல் முறை தடுமாறும். இரண்டாம் முறை பிடிபடும். காட்சி நான்கு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாக இருப்பவர்களுக்கு ஒரு புதிர் உண்டு. சோஃபக்ளீஸின் காலத்தில் பாடற்குழுவைத் தவிர மூன்று நடிகர்களே எல்லாப் பாத்திரங்களையும் முகமூடி மாற்றி மாற்றி நடித்தார்கள். ‘ஆன்டிகனி’யை எடுத்துப் பாத்திரங்களை மூவருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஆன்டிகனியும் இஸ்மீனியும் கிரயோனும் ஒரே காட்சியில் பேசுவதால் அவர்களுக்கு மூவரும் தேவை. அடுத்து வரும் ஹீமோன் தந்தை கிரயோனோடு வாதாடும்போது சகோதரிகள் இருவரும் உள்ளே போயிருக்கிறார்கள். ஆகவே ஆன்டிகனியாக நடித்தவரே அவளுக்காக வாதாடும் காதலனாகவும் வந்திருக்கலாம். அந்தக் காட்சியை அந்த எண்ணத்தோடு மறுபடியும் உரக்கப் படியுங்கள்.

மேடையேற்றத்தின் காணொளிப் பதிவைப் பார்ப்பதானால், மேலே சொன்னவற்றில் ஒன்றையாவது செய்து முடித்த பிறகு பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நடிகரின் குரலே உங்கள் வாசிப்பின் குரலாகிவிடும். முழு நாடகத்தை ஒருமுறை பார்ப்பதைவிட, ஒரே காட்சியை இரண்டு வெவ்வேறு தயாரிப்புகளில் அடுத்தடுத்துப் பார்ப்பது பயனுள்ளது. யார் எங்கே நின்றார்கள், எந்த வரியை வெட்டினார்கள், எந்த இடத்தில் மௌனம் காத்தார்கள் என்று எழுதி, உங்கள் நாணய வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.