களத்தில் நெல் கிடக்கும்போது வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

மன்னார்குடிப் பக்கம் நாலு ஏக்கர் குறுவை போடுகிறவன் நான். நெல் களத்துக்கு வருவதற்கும் வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்ப்பதற்கும் சரியாக இருக்கும். தளர்வு எதுவும் அறிவிக்காவிட்டால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காயவைத்தே தீர வேண்டும். அதனால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பார்க்காமல் நான் தார்ப்பாயை விலக்குவதில்லை.

முதலில் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. 'ஒருசில' என்றால் பாதி வரை, 'அநேக' என்றால் முக்கால் வரை, 'பெரும்பாலான' என்றால் அதற்கும் மேல். எத்தனை இடத்தில் பெய்யும் என்பதுதான் இதில் இருக்கிறது. எவ்வளவு பெய்யும் என்பது தனி. இதைக் குழப்பிக்கொண்டு ஒரு வருஷம் நன்றாக மாட்டினேன். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று போட்டிருந்தது. ஓரிரு இடம்தானே, தூறலோடு போய்விடும் என்று மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த ஓரிரு இடத்தில் எங்கள் ஊரும் ஒன்று! மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் கதகதவென்று சூடு. விரலோடு வெள்ளை வெள்ளையாய் முளை ஒட்டிக்கொண்டு வந்தது.

அளவுக்கு வருவோம். 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. நாள் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.

மஞ்சள் எச்சரிக்கை என்றால் நெல்லைப் பரப்புவேன், தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கும். ஆரஞ்சு என்றால் பரப்புவதே இல்லை. சிவப்பு வந்துவிட்டால் நெல்லை மறந்துவிட்டு ஆட்களையும் மாடுகளையும் பாருங்கள். 2018 கஜா இரவை இங்கே யாரும் மறக்கவில்லை.

அறுப்பு மெஷினுக்கு நாள் சொல்ல, செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கை உதவும். மேக்தூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். ஐந்து நாளுக்குப் போட்டிருந்தாலும் முதல் இரண்டு நாளைத்தான் நான் முழுசாக நம்புவேன். வயல் ஈரமாகிவிட்டால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்கு வாடகை அதிகம். ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் பணம்தான்.

பரப்பிய பிறகு பார்க்க வேண்டியது அடுத்த 3 மணி நேர அறிவிப்பும் காரைக்கால் ரேடார் படமும். படத்தை ஓடவிட்டு, மேகம் எந்தப் பக்கமிருந்து நகர்கிறது என்று கவனியுங்கள். புரட்டாசியில் பெரும்பாலும் சாயங்காலம், மேற்கே தஞ்சாவூர்ப் பக்கமிருந்து இடியோடு வரும். அப்போது தாமினி செயலியையும் திறந்து வையுங்கள்; சுற்றுவட்டாரத்தில் மின்னல் காட்டினால் ஆட்களை உடனே களத்தைவிட்டு வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். ஐப்பசியில் கதையே வேறு. கடலிலிருந்து வரும், அதுவும் பாதி நாள் விடியற்காலையில். அதனால் ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை ரேடாரைப் பார்த்துவிட்டு, தார்ப்பாயின் வடகிழக்கு ஓரத்தில் செங்கல்லை இரண்டு மடங்காக வைத்துவிடுவேன். காற்று முதலில் அந்த ஓரத்தைத்தான் தூக்கும்.