வேலூருக்குப் புறவழிச்சாலை: தடம் குறிக்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில், காட்பாடி வழியாகச் சித்தூர் செல்லும் லாரிகளில் எத்தனை நகருக்குள் சரக்கு இறக்குகின்றன, எத்தனை வெறுமனே கடந்து போகின்றன என்பதை ஓட்டுநர்களிடமே கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும். கடப்பவை குறைவென்றால் புறவழிச்சாலையால் நெரிசல் தீராது.

வரைந்த தடத்தை மழைக்காலத்தில் ஒருமுறை நடந்தே பார்ப்பது நல்லது. கோடையில் வெறும் பள்ளமாகத் தெரிவது ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயாக இருக்கலாம். அதன் குறுக்கே மண் கொட்டிச் சாலையை உயர்த்தினால் மேல்புறத்து நிலம் மூழ்கும், கீழ்ப்புறத்து ஏரி வறளும். எனவே நில அளவை வரைபடமான புலப்படத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கால்வாய்க்கும் சிறுபாலம் ஒதுக்க வேண்டும். பாலாறு வறண்டுதானே கிடக்கிறது என்று பாலத்தின் நீளத்தைக் குறைக்கலாகாது. 2021 நவம்பரில் அதில் பெருவெள்ளம் ஓடியது.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நிலமெடுத்தால், அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் உரிமையாளர்கள் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம் என்பதையும் ஊரில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.