குடியையும் போரின் மனவடுவையும் ஒன்றாகக் கையாளுதல்: வன்னியில் ஆண்களுக்குத் துணைநிற்போருக்கு ஒரு வழிகாட்டி

“முதலில் குடியை விட்டிட்டு வாங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.” உளவளத்துணைப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் இந்த வசனத்தைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். முல்லைத்தீவுக் கரையோரக் கடற்றொழிலாளி ஒருவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சந்தையடியில் கண்டபோது அவர் சொன்னது இதுதான்: “குடிக்காட்டிக் கண்ணை மூடேலாது, சேர். மூடினால் மாத்தளன்தான்.” 2009இல் போரின் கடைசி மாதங்களில் மக்கள் எறிகணை வீச்சுக்குள் சிக்கியிருந்த கரையோர இடம் அது. தனக்குத் தெரிந்த ஒரேயொரு நித்திரை மருந்தைக் கைவிட்டுவிட்டு வரும்படி நான் அவரிடம் கேட்டிருந்தேன், அதற்குப் பதிலாக எதையும் கொடுக்காமல். இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு அந்தத் தவறே காரணம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலப்பரப்பு ஆகிய இடங்களில் பணியாற்றும் உளவளத்துணையாளர்களையும் சமூகப் பணியாளர்களையும், வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நிற்கும் குடும்பத்தவரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் (PTSD) 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றது. நடந்தது மீண்டும் மீண்டும் கனவாகவும் காட்சியாகவும் வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போய்க் குற்றவுணர்வில் அமிழ்வது, உடல் எப்போதும் விழிப்பு நிலையிலேயே இருப்பது என அதன் அறிகுறிகளை நான்காகப் பிரிப்பார்கள். அவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அதை நோயாகக் கொள்ளலாம். எங்கள் ஆண்கள் இதை இப்படிச் சொல்வதில்லை. நாரி நோகிறது, நெஞ்சு அடைக்கிறது, தலைக்குள் இரைகிறது என்றுதான் வருவார்கள். அல்லது வராமலே இருப்பார்கள், வீட்டில் எரிந்துவிழுவார்கள். அந்தச் சினத்துக்குக் கீழே பல வேளைகளில் இருப்பது, பிள்ளையையோ தாயையோ காப்பாற்ற முடியவில்லையே என்ற வெட்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் சினத்தை மட்டும் அடக்க முயன்றால் பயனில்லை.

மது இந்த நான்கு அறிகுறிகளையும் சில மணி நேரத்துக்கு மழுங்கடிக்கிறது. ஆனால் அது தரும் நித்திரை இரவின் பின்பாதியில் உடைந்துவிடுகிறது. விடியும்போது மது உடலை விட்டிறங்க, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சிறு சத்தத்துக்கும் உடல் திடுக்கிடுகிறது. மனவடுவின் அறிகுறிகளும் ஏறத்தாழ இவையேதான். எது எதனால் வருகிறது என்று அவருக்கும் தெரியாது, ஆகவே காலையிலேயே தவறணைப் பக்கம் போகிறார். ஒன்றை மட்டும் எடுத்துச் சிகிச்சை செய்தால் மற்றது இழுத்து விழுத்துவது இதனால்தான். இரண்டையும் சேர்த்துக் கையாண்டால் குடி கூடிவிடும் என்ற பயம் எங்களிடையே இன்னமும் இருக்கிறது. 2012இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், மனவடுவும் போதைப் பாவனையும் சேர்ந்திருந்த 103 பேர் பங்கேற்றார்கள். வழமையான சிகிச்சையோடு, இரண்டையும் ஒன்றாகக் கையாளும் இணைந்த சிகிச்சையையும் பெற்றவர்களுக்கு மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன, பாவனை மோசமாகவில்லை.

முதற் சந்திப்பில் பேனையை மேசையில் வையுங்கள்

போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கூடாக வந்தார்கள்; அவர்களும், வவுனியாவில் மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் கம்பி வேலிக்குள் இருந்த குடும்பங்களும், பெயர் தொடங்கி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்லி எழுதக் கொடுத்தவர்கள். படிவத்தோடு ஒருவர் முன்னே இருந்து கேள்வி கேட்டால் அது அவர்களுக்கு விசாரணையாகவே தோன்றும். ஆகவே என்ன எழுதுவீர்கள், யார் அதைப் பார்ப்பார்கள், உயிராபத்து என்றால் மட்டும் யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பவற்றை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். போரில் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டாம். நித்திரையைப் பற்றிக் கேளுங்கள்: எத்தனை மணிக்குப் படுக்கிறார், எந்த இடத்தில் படுக்கிறார், எப்போது எழும்புகிறார். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒருவர் தன் வீட்டுப் படலையைப் பார்த்தபடி கதிரையில் சாய்ந்தே ஆண்டுக்கணக்காக உறங்கினார். படுக்கை எங்கே என்ற அந்த ஒரு கேள்வியில்தான் அவருடைய கதை திறந்தது.

பிறகு குடியைப் பற்றி, குற்றம் பிடிக்கும் தொனியில்லாமல் கேளுங்கள். கள்ளா, சாராயமா, கசிப்பா. ஒரு நாளைக்கு எவ்வளவு. அன்றைய முதல் மிடறு எத்தனை மணிக்கு. கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது, ஏனெனில் காலையில் நடுக்கத்தை அடக்கக் குடிப்பவர் உடலளவில் அடிமைப்பட்டிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட மதுபாவனைக் கணிப்பை (AUDIT) உரையாடலாகவே கேட்டு முடிக்கலாம். 8 புள்ளியோ அதற்கு மேலோ என்றால் ஆபத்தான பாவனை, 20 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டிய நிலை. உடலுக்குள் செல் (எறிகணை) துண்டு கிடக்கிறதா, பொய்க்கால் உரசி நோகிறதா, நோவுக்கு என்ன குளிசை போடுகிறார் என்பதையும் விடாமல் கேளுங்கள். நோவுக்காகத் தொடங்கிய குளிசையே சிலருக்கு இரண்டாவது போதையாகிவிட்டிருக்கும். அந்த நோவுக்கு வழி செய்யாமல் குடியை நிறுத்தச் சொல்வது நியாயமும் அல்ல.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உருவாகாது. வருகிறது என்றால் வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை அன்றே வீட்டிலிருந்து அகற்றி, நம்பிக்கையான அயலவரிடம் பூட்டி வைக்கக் கொடுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், மனநலப் பிரிவுக்கு அன்றே கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இரவிலும் இயங்கும்.

சடுதியாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்து

நாள்தோறும் கூடுதலாகக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் சத்தியும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம், 3ஆம் நாள் அளவில் சிலருக்கு ஆள், இடம், நேரம் தெரியாத பிதற்றல் நிலை ஏற்படும். இல்லாத ஆட்களும் சத்தங்களும் தெரியும். இந்த நிலை கொல்லக்கூடியது. போரைக் கண்ட ஒருவருக்கு இது வரும்போது வீட்டார் அதைப் பேய் பிடித்ததாகவோ பழைய நினைவு வந்ததாகவோ எண்ணிப் பொறுத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். பொறுத்திருக்க வேண்டாம், 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். முன்பு வலிப்பு வந்தவர்கள், காலையில் குடிப்பவர்கள், சாப்பாடில்லாமல் மெலிந்தவர்கள் ஆகியோர் வைத்தியசாலையில் தங்கியே நிறுத்த வேண்டும். அங்கே நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள்; மூளையைக் காப்பாற்ற விற்றமின் பி1 ஏற்றுவார்கள்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து, அந்த நாளோடு குடியை விடுவேன் என்று சொல்பவர்கள் எங்களிடம் அதிகம். நேர்த்தியைத் தடுக்காதீர்கள், எங்களுடைய எந்தப் பேச்சையும் விட அதற்கு வலிமை உண்டு. ஆனால் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னதாகவே வைத்தியசாலையில் சேர்ந்து, நடுக்கமெல்லாம் அடங்கிய உடலோடு அம்மன் வாசலுக்குப் போகும்படி ஒழுங்கு செய்யுங்கள்.

அவருக்குத் தெரியாமல் தேநீரிலோ சோற்றிலோ குடி மறக்கும் மருந்தைக் கலக்காதீர்கள். அப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிராம் மருந்தை எடுத்தவர் மது அருந்தினால் முகம் சிவந்து, இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் நின்றுபோகவும் கூடும். உயிர் தப்பினாலும், ஒருமுறை ஏமாற்றப்பட்டவர் மனைவி கையால் ஒரு கோப்பை தண்ணீர் வாங்கக்கூடத் தயங்குவார்.

முதலில் இன்றைய நாள், பிறகே 2009

முதல் ஆறு முதல் எட்டுக் கிழமைகள் பழைய கதையைத் தோண்டாமல் இன்றைய நாளைக் கட்டுவதற்கானவை. இரண்டு நோயையும் ஒன்றாகப் பார்ப்பது என்பது முதல் நாளே போர்க்கதையை முழுதாகச் சொல்லவைப்பது அல்ல. குடிக்கும் ஆசை எழும்போது அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று அவரே கண்டுபிடிப்பதுதான் தொடக்கம். ஒரு சாதாரணக் கொப்பி போதும். ஒருவரின் கொப்பியில் இருந்த ஒரு வரி எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது: “பின்னேரம் 5 மணி. கெலி போனது. கை வேர்த்தது. கால் போத்தல்.” ஹெலிகொப்டருக்கும் கால் போத்தலுக்கும் இடையே வேர்த்த கை இருக்கிறது என்பதை அவர் எழுதியபின்தான் கண்டார். அந்த இடைவெளியில்தான் நாம் வேலை செய்கிறோம். பட்டாசுச் சத்தம், எரியும் ரயர் மணம், ஈரமண் மணம், சோதனைச் சாவடி என ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும்.

அந்த இடைவெளியில் செய்யக்கூடியதைச் சந்திப்பில் உங்களோடு சேர்ந்தே பழகவையுங்கள். செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்தபடியே, தான் காணும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லட்டும்: வேப்பமரம், வாளி, சைக்கிள், கோழி, மகளின் சட்டை. பிறகு இன்றைய திகதியையும் ஆண்டையும் நிற்கும் இடத்தையும் சொல்லட்டும். கண்ணை மூடித் தியானம் செய்யும்படி சொல்ல வேண்டாம். மூடிய கண்ணுக்குள் காட்சி வருவதுதான் அவருடைய நோயே. பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு அறைக்கதவைச் சாத்துவதும் கூடாது; மரத்தடியில் இருந்து கதைப்பது எவ்வளவோ மேல்.

மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் மனவடுவுக்கு உதவும், ஆனால் பலன் தெரியச் சில கிழமைகள் ஆகும்; நான்காம் நாளில் ஒன்றுமில்லை என்று நிறுத்திவிடாமல் இருக்க அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நல்ட்ரெக்சோன் குடிக்கும் வேட்கையைக் குறைக்கும். ஹெரோயினோ திரமடோல் போன்ற நோவு மருந்தோ எடுப்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது, ஆகவே அவர் எடுப்பவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டயசிபாம் வகைக் குளிசைகள் மது நிறுத்தும் அந்தச் சில நாட்களுக்கு உரியவை. மாதக்கணக்கில் நித்திரைக்காக எடுத்தால் அதுவே அடிமைத்தனமாகும், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தும். ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிப்பவர் பல இரவுகள் உறங்காமல், எல்லோரையும் சந்தேகித்து நடப்பது மனவடுவைப் போலவே தோன்றும். சில நாட்கள் உறங்கி எழுந்தபின் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கடந்ததைத் தொடுவது எப்போது

முற்றாகக் குடியை விட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனையல்ல. ஓரளவு நித்திரை, சாகும் எண்ணம் தணிந்திருத்தல், சந்திப்பு நாளில் குடிக்காமல் வருதல், மனம் பதறும்போது தன்னை இன்றைக்குத் திருப்பிக் கொண்டுவரத் தெரிதல் ஆகிய நான்கும் இருந்தால், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் தொடங்கலாம். பயிற்சியில்லாதவர்கள் இந்தப் படியில் கைவைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கதைசொல்லும் சிகிச்சையில், தரையில் ஒரு கயிற்றை விரித்து, பிறப்பிலிருந்து இன்றுவரை நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைப்பார்கள். அக்கராயனைச் சேர்ந்த ஒருவர் கல்லைத்தான் முதலில் எடுப்பார் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் செவ்வரத்தம் பூ ஒன்றை எடுத்து, இரணைமடுக் குளம் வான்பாய்ந்த ஆண்டில் தகப்பனோடு மீன் பிடித்த நாளுக்கு வைத்தார். பிறகு ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒன்றை மட்டும் எடுத்து, என்ன கண்டார், என்ன கேட்டார், உடல் என்ன செய்தது என மெதுவாகச் சொல்லவைப்பார்கள். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். செல் விழுந்த இடத்தில் கதையை நிறுத்தி அனுப்பவே கூடாது; அந்த நாளில் அவர் எங்கே போய்ச் சேர்ந்தார், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்பது வரை கொண்டுவந்தே முடிக்க வேண்டும். அன்று பின்னேரம் குடிக்கும் வேட்கை கூடும் என்று முன்னரே சொல்லி, யாரோடு இருப்பார், எந்தப் பாதையால் வீட்டுக்குப் போவார் என்று தவறணையைத் தவிர்த்துத் திட்டமிட்டு அனுப்புங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்த முறை முழுமையாகப் பொருந்தாது. அந்தியேட்டி செய்ய முடியாத துயரத்துக்கு முடிவு எழுதும் உரிமை எங்களுக்கு இல்லை. அவர் தேடலைத் தொடர்ந்தபடியே குடியைக் குறைக்கத் துணைநிற்கலாம்.

மனைவியைத் தனியாகச் சந்திக்க மறவாதீர்கள். வீட்டில் அடி விழுகிறதா என்று கேளுங்கள். கணவனின் மனவடு அதற்குச் சமாதானம் ஆகாது. வைத்தியசாலைகளில் உள்ள நட்பு நிலையமும் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் அவருக்கானவை. கெட்ட கனவில் அலறுபவரைத் தொட்டு உலுக்காமல், எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும்படியும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

போர் முடிந்த மே மாதத்தையும், மாவீரரை நினைவுகூரும் கார்த்திகையையும் கலண்டரில் முன்கூட்டியே குறியுங்கள். மாதக்கணக்காகக் குடிக்காதவர்கள் மே 18ஐ அண்டிய நாட்களில் திரும்பவும் குடித்துவிட்டு, வெட்கத்தில் கிளினிக்குக்கு வராமல் விடுவது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. ஏப்ரலிலேயே கூப்பிட்டுப் பேசுங்கள்: அன்று, போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலுக்குப் போவாரா, வீட்டில் விளக்கேற்றுவாரா, யார் பக்கத்தில் இருப்பார்கள், இரவு எப்படிக் கழியும். மே 20 அளவில் அடுத்த சந்திப்புக்குத் திகதி குறித்து, குடித்திருந்தாலும் வரலாம் என்று சொல்லியே அனுப்புங்கள். வராவிட்டால் மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் படலைக்கு நீங்களே போங்கள்.